ஜாம் போத்தலில் வேரை வளைத்துப் பாருங்கள்

நுவரெலியா குளிரில் பயறு முளைக்க நேரமெடுக்கும், அதனால் இரவில் ஊறவைத்த பயறை ஈரத்துணியில் சுற்றி அடுப்படிப் பக்கம் வையுங்கள். வேர் 1 சென்டிமீட்டர் நேராக வந்ததும், ஜாம் போத்தலின் உள்பக்கம் ஈர டிசுவை ஒட்டி, கண்ணாடிக்கும் டிசுவுக்கும் நடுவே வேர் கிடையாக இருக்கும்படி செருகி, இருட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் வேர் எதனால் வளைந்தது என்று சொல்ல முடியாது. சில மணி நேரத்தில் நுனி புவியீர்ப்பை உணர்ந்து கீழே திரும்பத் தொடங்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடியின் கலங்களில் மாப்பொருள் நிறைந்த மணிகள் கீழ்ப்பக்கம் படிகின்றன, ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனும் அந்தப் பக்கமே கூடுகிறது; வேரில் ஒட்சின் கூடினால் நீட்சி குறையும், எனவே மேல்பக்கம் அதிகம் நீண்டு வேர் வளைகிறது. கலத்துக்குள் சட்டகம்போல இருக்கும் குழியவன்கூட்டின் நுண்புன்குழாய்கள், கலச்சுவரில் செலுலோசு இழைகள் படியும் திசையைக் காட்டுவதால்தான் கலம் உப்பாமல் நீளுகிறது. அதே கூட்டின் இன்னொரு பகுதியான அக்டின் இழைகளின் கதை வேறு, மருந்து கொடுத்து அவற்றைக் குலைத்தால் வளைவு நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் பல சோதனைகளில் வளைவு கூடியிருக்கிறது!

அப்புறம் இன்னொரு பயறில் வேர் நுனியை மட்டும் 1 மில்லிமீட்டர் அளவு கூரான பிளேடால் வெட்டிவிட்டுக் கிடையாக வையுங்கள். நீளும், ஆனால் புது நுனி வரும்வரை திரும்பாது.