பழைய பாம் கையடக்கக் கணினியை மறுபடி வேலைக்கு வைப்பது எப்படி? முதல்முறை தொடுபவருக்கான செய்முறை

உங்கள் கையில் ஒரு பழைய பாம் இருக்கிறது. பாம் 3, எம்515, டங்ஸ்டன் ஈ, டிஎக்ஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆன் செய்தால் திரை வருகிறது, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தப் பதிவு அந்த நிலையில் இருப்பவருக்கு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாமின் முதல் கருவியான பைலட் 1996-இல் வந்தபோது பாம், யூஎஸ் ரோபாட்டிக்ஸின் கிளை நிறுவனம். அடுத்த ஆண்டு அது 3காம் கைக்குப் போனது, பிறகு தனி நிறுவனமானது. 2010-இல் ஹெச்பி அதை 120 கோடி டாலருக்கு வாங்கி, 2011-இல் கருவித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே சர்வீஸ் சென்டரும் இல்லை, போன் போட்டுக் கேட்க ஆளும் இல்லை. இன்றும் ஒரு பாமை வைத்து ஏதாவது செய்ய முடிகிறதென்றால், அது பயனர்களே எழுதியும் சேர்த்தும் வைத்த மென்பொருள்களாலும் கண்டுபிடித்துப் பகிர்ந்த குறுக்குவழிகளாலும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்துக்காக இதை எடுக்காதீர்கள். டிஎக்ஸில் வைஃபை உண்டு, ஆனால் இன்றைய இணையதளங்கள் பேசும் பாதுகாப்பு நெறிமுறை அதன் பிரவுசருக்குப் புரியாது. குறிப்பெடுக்க, நாட்காட்டி பார்க்க, கணக்குப் போட, புத்தகம் படிக்க என்றால் இன்றும் பிரமாதம். பொத்தானை அமுக்கிய நொடியில் குறிப்பேடு திறக்கும். நோட்டிஃபிகேஷன் என்று எதுவும் குறுக்கே வராது.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை?

வீடு போன்ற படத்தைத் தொட்டு, மெனுவில் 'இன்ஃபோ' என்பதைத் திறந்து, 'வெர்ஷன்' பகுதியைப் பாருங்கள். கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான பாம் ஓஎஸ்-இன் பதிப்பு எண் அங்கே இருக்கும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பலமுறை தேவைப்படும்.

பதிப்பு 3 அல்லது 4 என்றால் உள்ளே இருப்பது மோட்டோரோலா டிராகன்பால் சிப். பாம் 3, பாம் 5, எம்100, எம்500, எம்515, ஹேண்ட்ஸ்ப்ரிங் வைசர் எல்லாம் இந்தக் குடும்பம். பதிப்பு 5 என்றால் ஏஆர்எம் சிப்: டங்ஸ்டன் டி, டி3, ஈ, டிஎக்ஸ் போன்றவை. பழைய சிப்புக்கு எழுதிய மென்பொருள்கள் புதியதிலும் பெரும்பாலும் ஓடும். புதியதற்கென்றே எழுதியவை பழையதில் ஓடாது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. டங்ஸ்டன் டி5, ஈ2, டிஎக்ஸ் ஆகியவற்றில் நீங்கள் எழுதியது ஃபிளாஷ் நினைவகத்தில் நிற்கும். அவற்றுக்கு முந்தைய மாடல்கள் எல்லாமே ரேமை நம்பியவை. பேட்டரி முழுதாக இறங்கினால் எல்லாம் போய்விடும். எழுதியது, ஏற்றியது, பயனர் பெயர் எதுவும் மிஞ்சாது. பழைய ஆட்கள் வாய் ஓயாமல் பேக்கப் பேக்கப் என்று சொல்வது இதனால்தான்.

படி 2: மின்சாரம்

பாம் 3, எம்100 போன்றவை இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். மூடியைத் திறந்ததும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நினைவகத்தை ஏறக்குறைய ஒரு நிமிடம் தாங்கும். புதிய ஜோடியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள்.

ரீசார்ஜ் பேட்டரி போடுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், சாதாரண ஆல்கலைன் 1.5. அதனால் முழுதாக ஏற்றிய பேட்டரியையும் பாம் பாதி தீர்ந்ததாக நினைத்து எச்சரிக்கும். மெனுவில் எங்கும் இல்லாத ஒரு கட்டளை இதைச் சரிசெய்யும். குறிப்பேட்டைத் திறந்து, திரையின் கீழே உள்ள எழுதும் கட்டத்தில் ஷார்ட்கட் குறியைப் போடுங்கள். ஆங்கிலக் கூட்டெழுத்தில் சின்ன 'எல்' எழுதுவதுபோல் கீழே இடப்பக்கம் தொடங்கி, மேலே சுழித்து, கீழே வலப்பக்கம் முடிக்க வேண்டும். பிறகு அதே கட்டத்தில் இரண்டு தட்டு. அது ஒரு புள்ளி. பிறகு கட்டத்தின் வலப்பக்கமுள்ள எண் பகுதியில் 7. பேட்டரி வகை மாறும், எந்த வகைக்கு மாறியது என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டும். வேண்டிய வகை வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

இதே வரிசையில் புள்ளி 3 போட்டால் கருவி தானாக அணையாது. ரீசெட் செய்தால் பழைய நிலைக்கு வரும். புள்ளி 1, புள்ளி 2 இரண்டையும் தொடாதீர்கள். அவை மென்பொருள் எழுதுபவர்களுக்கானவை. சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்துப் பேட்டரியை உறிஞ்சும். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே ரீசெட் செய்யுங்கள். புள்ளி 5 பயனர் பெயரையே அழிக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட மாடல் என்றால், முதலில் சில மணி நேரம் சார்ஜரில் விட்டுப் பாருங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பாம் 5 வகையின் உடல் பசையால் ஒட்டியது. ஹேர் டிரையரால் ஓரங்களை மெல்லச் சூடாக்கி, பசை இளகியபின் பிரிப்பதுதான் பயனர்களிடையே வழக்கம். லித்தியம் பேட்டரியை நெம்பக் கூடாது, உப்பியிருந்தால் தொடவே கூடாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் செல்போன் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துவிடுவது மேல்.

படி 3: திரையும் ரீசெட்டும்

தொட்ட இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறொன்று என்றால் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'டிஜிட்டைசர்' திறந்து, காட்டும் குறிகளின் நட்ட நடுவில் தொடுங்கள். அதற்குப் பிறகும் திரை தானாகத் தொட்டுக்கொள்கிறது என்றால் ஓரத்தில் தூசி சிக்கியிருக்கலாம். கருவியை அணைத்துவிட்டு, விசிட்டிங் கார்டின் விளிம்பைத் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு நான்கு பக்கமும் இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரீசெட் மூன்று விதம். பின்பக்கத் துளையில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெல்ல அமுக்கினால் சாஃப்ட் ரீசெட், எதுவும் அழியாது. பாம் 3, பாம் 5 இரண்டின் உலோக எழுதுகோலைத் திருகித் திறந்தால் உள்ளே இதற்கென்றே ஒரு ஊசி இருக்கும். மேல்நோக்கிய ஸ்க்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் வார்ம் ரீசெட்: தொடங்கும்போது தானாக ஓட நினைக்கும் மென்பொருள்களை ஓடவிடாது. புதிதாக ஏற்றிய ஏதோ ஒன்று கருவியைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கிறதென்றால் இப்படி உள்ளே நுழைந்து அதை அழித்துவிட்டு, மறுபடி சாஃப்ட் ரீசெட் செய்ய வேண்டும். பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அமுக்குவது ஹார்ட் ரீசெட். எல்லாம் அழியும். அதற்கு முன் அடுத்த படியை முடித்திருக்க வேண்டும்.

படி 4: பேக்கப்

லினக்ஸ் இருந்தால் வேலை சுலபம். ஜே-பைலட் என்ற திறமூல மென்பொருள், பாம் நிறுவனமே கணினிக்குக் கொடுத்த பாம் டெஸ்க்டாப் செய்ததையெல்லாம் செய்யும். யூஎஸ்பி மாடல்களில் வரிசை முக்கியம். கேபிளைச் செருகியதும் கணினிக்கு பாம் தெரியாது. முதலில் பாமில் ஹாட்சிங்க் (கணினியோடு தகவல் பரிமாறும் வசதி) பொத்தானை அமுக்கி, ஓரிரு விநாடி விட்டு, அப்புறம் ஜே-பைலட்டில் கிளிக் செய்ய வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். முதல் தடவை 'சிங்க்' போதாது, 'பேக்கப்' பொத்தானை அமுக்குங்கள், அதுதான் எல்லாக் கோப்புகளையும் எடுக்கும். எல்லாம் அழிந்துபோனால் 'ஃபைல்' மெனுவில் 'ரீஸ்டோர் ஹேண்ட்ஹெல்ட்' இருக்கிறது.

64 பிட் விண்டோஸுக்கு பாம் யூஎஸ்பி டிரைவரே வெளியிடவில்லை. பாம் ஓஎஸ் கருவிகளைத் தயாரித்த நியூசிலாந்தின் அசீகா நிறுவனம் ஒரு 64 பிட் டிரைவர் கொடுத்தது. பயனர்கள் பாம் டெஸ்க்டாப்புடன் சேர்த்து அதைத்தான் பயன்படுத்தினார்கள். புதிய விண்டோஸில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டுக்கொள்வதே உத்தமம்.

எஸ்டி கார்டு துளை உள்ள மாடல் என்றால் என்விபேக்கப் என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் கார்டிலேயே எடுத்து வைக்கும்.

படி 5: கேபிள் இல்லாமல் மென்பொருள் ஏற்றுவது

எம்500 முதல் வந்த பல மாடல்களில் எஸ்டி துளை உண்டு. கார்டு 2 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும். 4 ஜிபி, 8 ஜிபி கார்டுகள் எஸ்டிஹெச்சி வகை. பாம் அவற்றைத் தானாகப் படிக்காது. பாம் ஓஎஸ் 5 கருவிகளுக்கு டிமிட்ரி கிரின்பெர்க் எழுதிய டிரைவர் ஒன்று அந்தத் தடையை நீக்குகிறது, ஆனால் தொடக்கத்தில் சிறிய கார்டே போதும். பாம் மென்பொருள்கள் மெகாபைட்டைத் தாண்டுவதே அபூர்வம். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம், பழைய டிஜிட்டல் கேமராவில் கிடப்பதும் உதவும்.

கார்டைப் பாமிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பிறகு கருவியில் உள்ள ஏதாவது ஒரு மென்பொருளை 'காப்பி' மெனு வழியாகக் கார்டுக்கு அனுப்புங்கள். இந்த ஒரு செயலில் கார்டுக்குள் 'பாம்', அதற்குள் 'லாஞ்சர்' என்ற கோப்புறைகள் தானாக உருவாகும். இனி கார்டைக் கணினியில் போட்டு, இறக்கிய பிஆர்சி கோப்புகளை (பாம் மென்பொருள்கள் இந்த வடிவில்தான் வரும்) அந்த லாஞ்சர் கோப்புறையில் ஒட்டுங்கள். கார்டைத் திரும்பச் செருகியதும் அவை திரையில் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலானவை கார்டிலிருந்தே ஓடும். அடம்பிடிப்பவற்றை மட்டும் அதே 'காப்பி' மெனுவால் உள்நினைவகத்துக்கு மாற்றுங்கள்.

கார்டுத் துளை இல்லாத பாம் 3 என்றால் இன்னொரு பாமிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வழியாக 'பீம்' செய்து வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் பாமை நிறுத்தி வைத்துக் கணினியோடு இணைக்கும் சீரியல் கிரேடிலும் (தாங்கி) யூஎஸ்பி சீரியல் மாற்றியும் தேவைப்படும்.

படி 6: எதை ஏற்றுவது?

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022-இல் பாம் மென்பொருள்களுக்கென்று ஒரு தொகுப்பைத் திறந்தது. அதில் உள்ளவற்றை இறக்காமலே க்ளவுட்பைலட் எமுலேட்டர் (பாமைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாக பிரவுசரில் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் கருவியில் ஏற்றுங்கள். பாம்டிபி என்ற தளத்திலும் பயனர்கள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஃபைல்இசட்: கருவிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் இலவசக் கோப்பு மேலாளர். அடுத்து ஈஸிகால்க்; மாணவர்களுக்குப் போதுமான அறிவியல் கணிப்பான். படிக்கப் பிளக்கர்: இணையப் பக்கத்தையோ குட்டன்பெர்க் திட்ட நூலையோ கணினியில் பிடிபி கோப்பாக மாற்றிப் பாமில் படிக்கலாம். தமிழ் மட்டும் நேராக வராது. இந்தக் கருவிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. பக்கத்தைப் படமாக மாற்றிப் பிளக்கருக்குக் கொடுத்தால் காட்டும். சின்னக் கவிதை, சமையல் குறிப்பு, பேருந்து நேரம் இவற்றுக்குச் சரிப்படும், நாவலுக்கு ஆகாது.

விலைக்கு விற்ற பல மென்பொருள்கள் பதிவு எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் ஹாட்சிங்க் பெயரை, அதாவது கருவியின் பயனர் பெயரை வைத்துக் கணக்கிடப்பட்டது. எனவே முன்பு நீங்களே வாங்கிய மென்பொருள் இருந்தால், பழைய பெயரை ஓர் எழுத்துகூட மாறாமல் கொடுங்கள். எண்ணைத் திரும்பக் கேட்க அந்த நிறுவனங்களில் பல இப்போது இல்லை.

எக்ஸ்-மாஸ்டர் என்ற மென்பொருள் வழியாக ஓடி, கருவியின் இயல்பை மாற்றும் 'ஹேக்' வகைச் சிறு நிரல்கள் பதிப்பு 3, 4-க்கு உரியவை. டங்ஸ்டன்காரர்கள் அவற்றைத் தவிர்க்கவும்.

படி 7: எழுதப் பழகுவது

பாமின் கையெழுத்து முறையான கிராஃபிட்டியில் ஆங்கில 'ஏ'-வின் குறுக்குக்கோட்டை விட்டுவிட வேண்டும், கவிழ்த்த 'வி' போல ஒரே இழுப்பு. அநேகமாக எல்லா எழுத்தும் இப்படி ஒரே இழுப்புதான். எழுத்துகள் கட்டத்தின் இடப்பக்கம், எண்கள் வலப்பக்கம். பெரிதாக எழுதுங்கள், சின்னதாக எழுதினால்தான் தவறும். மேலே சொன்ன ஷார்ட்கட் குறியைப் போட்டு 'டிஎஸ்' (ds) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை எழுதினால் இன்றைய தேதியும், 'டிஎஸ்'-க்குப் பதில் 'டிடிஎஸ்' (dts) எழுதினால் தேதியோடு நேரமும் விழும். நாட்குறிப்பு எழுதுபவர்கள் இதை விடமாட்டார்கள்.

நாட்காட்டியில் நீண்டகால நினைவூட்டல் போடுபவர்கள் கவனிக்க: ஆண்டுக்கு ஏழு பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் 128 ஆண்டுகள்தான் அடங்கும், எண்ணிக்கை 1904-இல் தொடங்குகிறது. ஆகவே 2031-க்கு அப்பால் தேதி கிடையாது.

படி 8: உதவி கேட்பது

எங்கே மாட்டிக்கொண்டாலும் பழைய பயனர்கள் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். ஆனால் 'என் பாம் வேலை செய்யவில்லை' என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. படி 1-இல் குறித்த மாடல், ஓஎஸ் பதிப்பு, கடைசியாக ஏற்றிய மென்பொருள், எந்த ரீசெட் செய்து பார்த்தீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். கருவி கவிழும்போது 'ஃபேட்டல்' என்று ஒரு பெட்டி வரும். அதில் ஒரு கோப்புப் பெயரும் வரி எண்ணும் இருக்கும். ரீசெட்டை அமுக்குவதற்கு முன் அதைப் போனில் படமெடுங்கள். அந்த வரி எண் பல சமயம் எந்தப் பகுதி குழம்பியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் கருவியோடு வந்த சிடி இன்னும் இருந்தால், அதை ஐஎஸ்ஓ பிரதியாக (முழுச் சிடியும் ஒரே கோப்பாக) எடுத்து மாடல் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். அரிய மாடல்களின் டிரைவரும் கையேடும் சில நேரம் அந்தச் சிடியில் மட்டுமே இருக்கும்.