ஃபேஸ்புக்கை மூடுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

நான் ஃபேஸ்புக்கை மூடி மூன்று வருடம் ஆகிறது. மூடிய அவசரத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். டெலிட் கொடுத்த பிறகு மனம் மாற 30 நாள் அவகாசம் உண்டுதான். ஆனாலும் அதை நம்பாமல், முதலிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நண்பர் பட்டியலைத் தரவிறக்கினால் பெயர்தான் வரும், போன் நம்பர் வராது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போவோமோ அவர்களை மட்டும் எழுதினால் போதும். எனக்கு இருந்த 600 பேரில் நோட்டில் ஏறியது 23. பெயர், நம்பர், பிறந்தநாள், அப்புறம் வீட்டில் இன்னொருவர் நம்பர்.

அந்தக் கடைசி நம்பர் ஏன் என்றால், ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியின் அப்பா இறந்தது எனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. போஸ்ட் போட்டிருக்கிறாள், நான் பார்த்திருப்பேன் என்றே நினைத்திருக்கிறாள். கும்பகோணம் போய் அவள் அம்மா எதிரில் உட்கார்ந்ததும், "நீ மட்டும் ஏன்டி வரல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். ஊர்க்கதை எல்லாம் தெரிந்தவர் என்று நாம் கிண்டல் செய்வோமே, அவரேதான். "சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, மூணுக்கும் எனக்கு ஒரு போன் பண்ணிடு" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாருக்கும் தோன்றாது.

பிறந்தநாளுக்கு மளிகைக் கடை தினசரி காலண்டரே போதும். ஜனவரியில் ஒருநாள் உட்கார்ந்து, அந்தந்தத் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பெயரை எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் முந்திக்கொண்டு கிழித்துவிடுவார். கிழித்த தாளை அடுப்பு மேடையில் வைத்து, "இன்னிக்கு உன் துபாய்க்காரி" என்று சொல்லிவிட்டுப் போவார். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் நான் பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடுவேன்.

கூப்பிடும்போது ஏதாவது ஒரு காரணம் இருக்கட்டும். "சும்மாதான்" என்றால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். "உங்கம்மா வத்தக்குழம்புக்கு மணத்தக்காளியை எப்போ வறுப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடும்.

சிலர் திரும்பக் கூப்பிடவே மாட்டார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டு, நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இப்போது நான்கு புள்ளி. அவர்களைத் தீபாவளிக்கு மட்டும் கூப்பிடுகிறேன்.