பெரியவங்களுக்கு வாராந்திர கூட்டம் நடத்தப் போறீங்களா, நாங்க சொதப்பினதை முதல்ல படிங்க

நங்கநல்லூர் பக்கம் எங்க நாலஞ்சு தெருக்காரங்க சேர்ந்து 60 தாண்டினவங்களுக்காக வாரம் ஒரு நாள் கூட்டம் போடுறோம். 2019ல ஆரம்பிச்சது, நடுவுல கொரோனா வந்து நின்னு போச்சு, அப்புறம் திரும்ப உருட்டி கொண்டு வந்தோம். முதல் நாள் பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர், குத்துவிளக்குன்னு அமர்க்களம், எழுபது பேர் வந்தாங்க. நாலாவது வாரம் எண்ணிப் பார்த்தா ஒன்பது பேர். நிகழ்ச்சி போர் அடிக்குது போலன்னு நாங்களே முடிவு பண்ணி யோகா வச்சோம், பஜனை வச்சோம், க்விஸ் வச்சோம், ம்ஹூம். கடைசில காய்கறி கடை வாசல்ல ஒரு மாமியைப் பிடிச்சு கேட்டா, "ஹால் மாடில இருக்கு, பாத்ரூம் கீழ இருக்கு, ரெண்டு மணி நேரம் நான் என்னப்பா பண்றது"ன்னாங்க. அவ்வளவு தான் விஷயம்.

அதனால முதல் தவறு இது தான், என்ன நிகழ்ச்சின்னு யோசிச்சுட்டு அப்புறமா இடம் தேடுறது. தலைகீழா பண்ணுங்க. தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, பக்கத்துல பிடிச்சுக்க கம்பி இருக்கா, உள்ள தாழ்ப்பாள் மாட்டிக்கிட்டா வெளிய இருந்து திறக்க முடியுமா, இது நாலும் பார்த்துட்டு தான் மத்த பேச்சு. எங்களுக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்ச ஒண்ணு சொல்றேன். பிபிக்கும் இதயத்துக்கும் சிலருக்கு நீர் பிரியுற மாத்திரை குடுப்பாங்க இல்லையா, வெளிய போற அன்னிக்கு அதைப் போடாம விட்டுட்டு வர்றவங்க நிறைய பேர், தண்ணியும் குடிக்க மாட்டாங்க. அதாவது நாம "ஆரோக்கிய வாழ்வு"ன்னு தலைப்பு போட்டு கூட்டம் நடத்துறோம், அவங்க அதுக்காக மாத்திரையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க, அதுவும் சென்னை மே மாசத்துல!

சேர்ல கூட விஷயம் இருக்கு. கை இல்லாத பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துடலாம், எழுந்திருக்கத்தான் முடியாது, முட்டி வலிக்காரங்களுக்கு ஊன்றி எழ ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும், வழுவழு டைல்ஸ்ல சேர் பின்னாடி நகர்ந்தா கேக்கவே வேணாம். மைக்கும் அப்படித்தான், சத்தத்தைக் கூட்டினா கேக்கும்னு நினைக்கிறோம். வயசானா முதல்ல போறது மெல்லிசான, கீச்சுன்னு இருக்கிற சத்தங்கள் தான், அதனால 'ச', 'த' எல்லாம் குழம்பிப் போகும், வால்யூம் ஏத்தினா இரைச்சல் தான் ஏறும். ஃபேன் சத்தத்தைக் குறைச்சு, முகத்தைக் காட்டி, நிதானமா பேசினாலே பாதி சரியாயிடும்.

நேரம் பத்தி ஒரே ஒரு விஷயம். நாங்க வேலை முடிஞ்சு வர்ற வசதிக்காக சாயங்காலம் ஆறரைக்கு வச்சோம். இருட்டு, கண்புரை, தெருநாய், தோண்டிப் போட்ட ரோடு, யார் வருவாங்க? காலை 10.30க்கு மாத்தினதும் பெண்கள் வர ஆரம்பிச்சாங்க, ஏன்னா சமையல் முடிஞ்சிருக்கும், பேரப்பிள்ளைங்க ஸ்கூல் வேன் வர நேரம் இருக்கு. ரிட்டயர் ஆன ஆம்பளைங்களுக்கு நாள் முழுக்க ஓய்வு, பாட்டிகளுக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது, இதை மறந்துட்டா கூட்டம் முழுக்க வேட்டியாத்தான் இருக்கும்.

அடுத்தது சாப்பாடு, இது பயமான கதை. ஒரு பொங்கல் விழாவுல சிறப்பு விருந்தினர் லேட், அவர் வந்து பேசி முடிச்சதும் தான் சாப்பாடுன்னு ரெண்டு மணி வரைக்கும் உக்கார வச்சோம். காலைல சுகர் மாத்திரை போட்டுட்டு வந்த ஒரு மாமாவுக்கு வேர்த்து கொட்டுது, கை நடுங்குது, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாம பதில் சொல்றார். பக்கத்துல இருந்த ரிட்டயர்டு நர்ஸ் அம்மா தான் புரிஞ்சுக்கிட்டு சர்க்கரைத் தண்ணி குடுத்து தேத்தினாங்க. இல்லைன்னா நாங்க விசிறிக்கிட்டே நின்னிருப்போம். சுகர் இறங்கி நினைவோட இருந்தா உடனே சர்க்கரை, நினைவு இல்லைன்னா வாயில எதுவுமே ஊத்தாம 108 கூப்பிடணும், இது தன்னார்வலர் ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும். இப்போ எங்க ரூல், விருந்தினர் வந்தாலும் வராட்டியும் 12க்கு சுண்டல், 12.30க்கு வீடு.

கூப்பிடுற விதம்னு ஒண்ணு இருக்கு. புதுசா வந்த காலேஜ் பசங்க எல்லாரையும் பாசமா "தாத்தா, பாட்டி"ன்னு கூப்பிட்டாங்க, 62 வயசு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தர் அதுக்கப்புறம் வரவே இல்லை. நான் நேர்ல போய் "டீச்சர்"னு கூப்பிட்டு மன்னிப்பு கேட்டு கூட்டிட்டு வந்தேன். விளையாட்டுன்னு ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வச்சு நடக்க விட்டதும் அதே ரகம் தான், விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும்னு யாருக்கும் தோணலை, கைதட்டி வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தோம். இப்போ தாயமும் பல்லாங்குழியும் ஓடுது, சண்டை தான் சமாளிக்க முடியலை.

மெடிக்கல் கேம்ப் வச்சா ஏதோ பெரிசா சாதிச்ச மாதிரி இருக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரி இலவசமா வந்து பண்ணாங்க, ரெஜிஸ்டர்ல எல்லார் நம்பரையும் வாங்கிட்டு போய் அடுத்த ரெண்டு மாசம் பேக்கேஜ் விக்க போன் மேல போன். அதை விடுங்க, டெஸ்ட்ல சுகர் அதிகம்னு வந்தவங்க அப்புறம் எங்க போனாங்கன்னு நாங்க ஒருத்தரும் கேக்கலை, அது தான் நிஜமான தவறு. இப்போ கேம்ப்பே வைக்கிறதில்லை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பெயர் பதிய வைக்கிறோம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பெரிய பிரச்சனைன்னா கிண்டில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கு, 2024 பிப்ரவரில திறந்தது. ஆட்டோல பத்து நிமிஷ தூரத்துல இருக்கிறது எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு தெரியவே தெரியாது.

சொன்னா சிரிப்பீங்க, எங்க கூட்டத்துக்கு அதிகமா ஆள் வந்தது பஜனைக்கோ யோகாவுக்கோ இல்லை, ஒரு மேஜையும் ரெண்டு பசங்களும் போட்ட "உதவி கவுன்டர்"க்கு. எம்டிசி (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) பஸ்ல 60 தாண்டின சென்னைவாசிகளுக்கு மாசம் 10 இலவச டோக்கன் உண்டு, ஆறு மாசத்துக்கு சேர்த்து குடுப்பாங்க, அதுக்கு எங்க போகணும், என்ன காகிதம் வேணும்னு சொல்ல ஆள் இல்லாம விட்டவங்க எத்தனை பேர்! பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் குடுக்கிற லைஃப் சர்டிஃபிகேட்டும் அப்படித்தான், ரேகை தேஞ்சு போய் மெஷின் எடுக்காம திரும்பி வந்தவங்களுக்கு இப்போ போன்லயே முகத்தைக் காட்டி முடிச்சுடலாம். இதுலயும் சொதப்பினோம், எல்லாரையும் நவம்பர்ல வரச்சொல்லி ஒரே நெரிசல். மத்திய அரசு பென்ஷனுக்குத்தான் நவம்பர், அதுலயும் 80 தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம், பிஎஃப் வழியா வர்ற இபிஎஸ் பென்ஷன்னா வருஷத்துல எப்ப வேணா குடுக்கலாம், குடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் செல்லும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. உதவின்னு சொல்லி ஆதார் ஜெராக்ஸை எல்லாம் ஃபைல் போட்டு வச்சுக்காதீங்க, ஏடிஎம் பின்னை அவங்களே நீட்டினாலும் வாங்காதீங்க, ஓடிபியை நீங்க படிச்சு போடாதீங்க. நீங்க நல்லவரா இருக்கலாம், ஆனா "யார் கேட்டாலும் குடுக்கலாம்"னு ஒரு பழக்கத்தை நாமளே உண்டாக்கிடுறோம், நாளைக்கு போலீஸ் மாதிரி நடிச்சு "டிஜிட்டல் அரெஸ்ட்"னு ஒருத்தன் வீடியோ கால்ல மிரட்டும்போது அந்தப் பழக்கம் தான் அவனுக்கு உதவும். பணம் போயிட்டா அடுத்த நிமிஷமே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன்.

குடும்பச் சண்டைக்குள்ள தலையை விடாதீங்க. ஒரு தடவை பையன்கிட்ட நாங்களே பஞ்சாயத்து பேசப் போனோம், அடுத்த வாரத்துல இருந்து அந்த அம்மாவை வெளியவே விடலை. 14567னு முதியோர் ஹெல்ப்லைன் இருக்கு, காலைல 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் தமிழ்லயே பேசலாம். பிள்ளைங்ககிட்ட இருந்து ஜீவனாம்சம் தேவைன்னா 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட (ஆர்டிஓ) மனு குடுக்கலாம். நம்ம வேலை வழி சொல்றது, பெரியவர் விருப்பப்பட்டா கூட போறது.

இதுல எல்லாம் மோசமான தவறு எதுன்னு கேட்டா, வந்தவங்களை மட்டும் எண்ணினது. வாட்ஸ்அப் க்ரூப்ல 84 பேர், தினம் நூறு குட்மார்னிங், எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைப்பு. தவறாம முன் வரிசைல உக்கார்ற ஒரு மாமி மூணு வாரமா வரலை, பொண்ணு வீட்டுக்கு போயிருப்பாங்கன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு படுக்கைல இருந்திருக்காங்க, மூணாவது தெரு தான். அவங்க கேட்ட ஒரே கேள்வி, "என் சேர் காலியா இருந்தது தெரியலையா?" அதுக்கப்புறம் ஆளுக்கு அஞ்சு பேர்னு பிரிச்சுட்டோம், வராட்டி அன்னிக்கே போன், எடுக்கலைன்னா நேர்ல. வாட்ஸ்அப் இல்லாதவங்களுக்குத்தான் முதல் போன்.

இந்த அஞ்சு பேர் ஏற்பாட்டை யோசிச்சது நாங்க இல்லை, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன ஒரு 74 வயசுக்காரர். ஆரம்பத்துல கமிட்டில ஒருத்தர் கூட 50 தாண்டலை, பெரியவங்களுக்கு எதுக்கு சிரமம்னு நல்லெண்ணம் வேற. இப்போ போன் லிஸ்ட், ஹால் சாவி, கணக்கு நோட்டு மூணும் பெரியவங்க கையில தான். போன மாசம் டீ செலவுல 40 ரூபாய் இடிக்குதுன்னு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது, பில் எங்கன்னு கேட்டு, இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.