மண்டை ஓட்டுக்கு முகம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் காவிரிக் கரையிலோ அஞ்செட்டிக் காட்டிலோ எலும்பாக மட்டும் எஞ்சிய ஒருவர் யாரென்று அறிய வேறு வழி இல்லாதபோது, மண்டை ஓட்டின் மீது முகத்தை மீட்டுருவாக்குகிறார்கள். அந்த முகத்தைக் காணும் யாரேனும், "எங்கள் வீட்டு ஆளைப் போல இருக்கிறதே" என்று காவல் நிலையத்துக்கு வர வேண்டும். அதன் பயன் அவ்வளவே. உறுதி செய்ய வேண்டியவை டி.என்.ஏ.வும் பல் ஒப்பீடும்தான். சாயலை மட்டும் நம்பி எலும்புகளை ஒப்படைத்தால், ஒரு குடும்பம் அயலாருக்குக் கொள்ளி வைக்கும், இன்னொரு குடும்பம் வாசலைப் பார்த்தபடியே இருக்கும்.

திருத்தவே முடியாத தவறுகள், முகத்தை உருவாக்கும் கலைஞரின் கைக்கு மண்டை ஓடு வருமுன்பே நிகழ்கின்றன. முன்பற்கள் ஒற்றை வேர் உடையவை என்பதால், ஈறு அழுகியதும் கழன்று மண்ணில் விழுந்துவிடும். வாயின் அகலத்தையும் உதட்டின் அமைப்பையும் பற்களைக் கொண்டே கணிக்கிறார்கள் என்பதால், கீழ்த்தாடையைத் தேடுவதோடு சுற்றியுள்ள மண்ணையும் சல்லடையில் சலிக்க வேண்டும். மூக்குத் துளையின் அடியில் நீண்டிருக்கும் சிறு எலும்பு முள் ஒடிந்தால் மூக்கின் வடிவம் ஊகமாகிவிடும். ஆகவே மண்டை ஓட்டை முகம் குப்புற வைத்துக் கட்டக் கூடாது. சுத்தம் செய்வதற்காக நெடுநேரம் கொதிக்க வைப்பதும் பிளீச்சில் ஊற வைப்பதும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். முதலில் பல்லையோ தொடை எலும்பையோ பரிசோதனைக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு சி.டி. ஸ்கேன் வழியே நகல் எடுத்து, அந்த நகலின் மீதே களிமண் இட வேண்டும்.

வயதையும் பாலினத்தையும் கணிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வைக்கும் தசைத் தடிமன் அவற்றைப் பொறுத்தும், எந்த மக்களிடம் அளந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். அதுவும் சராசரிதான், அவர் பருத்தவரா மெலிந்தவரா என்பதை எலும்பு தெளிவாகச் சொல்லாது. முடி, மீசை, கண்ணின் நிறம் ஆகியவற்றையும் மண்டை ஓட்டின் வடிவம் காட்டாது. அவற்றை அழுத்தமாகத் தீட்டினால், மீசை பொருந்தவில்லை என்றே பெற்ற தாய்கூடக் கடந்துவிடலாம். மீசையோடும் மீசையின்றியும், கருப்பு வெள்ளையில் வெளியிடுவதே நேர்மையானது என்பது என் கருத்து.

காணாமல் போனவரின் புகைப்படம் கையில் இருந்தால், அதைக் கலைஞரிடம் காட்டவே கூடாது. கை தன்னையறியாமல் அந்த முகத்தை நோக்கிச் செல்லும். புகைப்படத்தை மண்டை ஓட்டின் மீது பொருத்திப் பார்ப்பது வேறொரு சோதனை. அந்தச் சோதனை, "இவர் அல்ல" என்று விலக்குவதற்கே அதிகம் உதவும்.

அறிவிப்பில் முகத்தை மட்டும் அச்சிடுவதும் தவறு. உயரம், சட்டைக் காலரின் தையல்கடை லேபிள், மெட்டி, தாலியின் அமைப்பு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அஞ்செட்டி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக் கிடப்பதால், கன்னடத்திலும் தெலுங்கிலும், ஓசூர் ஆலைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் அறிவிப்பை அச்சிட்டு, எல்லைக்கு அப்பாலுள்ள காவல் நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும்.