சாகாத வீரர்கள் சண்டை போடும் படம்: ரசிகராகப் பார்ப்பதும் எழுதுவதும்

சண்டைப் படம் பார்க்கும்போது நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைப்பது ஒரே பயம்தான்: ஹீரோவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? சாகாவரம் பெற்ற வீரர்களின் கதையில் அந்தப் பயத்தை இயக்குநரே முதல் இருபது நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறார். அதனால் மூன்றாவது சண்டைக்குள் பலருக்குச் சலிப்பு வருகிறது. படம் முடிந்ததும் "செம மாஸ்" என்றோ "ஒண்ணும் இல்லை, சாகவே மாட்டாங்களே" என்றோ ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே படத்துக்கு நியாயம் செய்வதில்லை. சாவு இல்லாத இடத்தில் வலி இருக்கிறது, காலம் இருக்கிறது, பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட படத்தில் பார்க்க வேண்டியவை இவைதாம். எப்படிப் பார்ப்பது, எதைக் குறிப்பது, எப்படி எழுதுவது என்பதைக் கீழே தருகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு 'தி ஓல்ட் கார்ட்' படத்தை வைத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஓடும் நேரம் சுமார் 125 நிமிடம். ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் இயக்கியது. கிரெக் ருக்கா எழுதி, லியாண்ட்ரோ ஃபெர்னாண்டஸ் வரைந்த காமிக்ஸிலிருந்து எடுத்த கதை. திரைக்கதையும் ருக்காவே எழுதியிருக்கிறார். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை எழுத முடியாது. ஆகவே படம் பார்க்காதவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வருவது நல்லது. கழுத்தை அறுப்பது, எலும்பு முறிவது எல்லாம் நேரடியாக வரும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போடுங்கள்.

டிவியைச் சரிசெய்வது

இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி கடையிலிருந்து வரும்போதே இயக்கத்தில் இருக்கும். கிரிக்கெட்டுக்கு அது சரி. சண்டைக் காட்சியில் அது இரண்டு பிரேம்களுக்கு நடுவே இல்லாத படங்களைப் போட்டு நிரப்புவதால், அடியின் கனம் போய், கோடரி வீச்சு சீரியல் காட்சி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பட அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டு, 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' பயன்முறையை வையுங்கள். 'விவிட்' பயன்முறையில் விட்டால் இருட்டுக் காட்சிகளில் முகமெல்லாம் வெளிறிப்போகும்.

முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-வுக்கு 15 மெகாபிட் இணைய வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் முதலில் கெடுவது இருட்டும் வேகமான அசைவும் சேர்ந்த இடங்கள்தாம். அதாவது சண்டைகள். கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் படத்தைத் திட்டாதீர்கள். வீட்டில் வேறு யார் டவுன்லோட் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்ப் பக்கம் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போவதுண்டு. அந்த மாதங்களில் போனிலோ டேப்லெட்டிலோ முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புளூடூத் ஸ்பீக்கர் வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சோதிக்க வேண்டும். கதவு சாத்தும் காட்சி ஏதாவது ஒன்றைப் போட்டு, சத்தம் படத்தோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரலாம். பேச்சில் அது தெரியாமல் போனாலும், குத்து விழுந்த பிறகு சத்தம் கேட்டால் சண்டையே பொய்யாகிவிடும். ஆக்ஸ் ஒயர் போட்டால் தீர்ந்தது.

முதல் முறை: பேனா வேண்டாம்

நான்கைந்து பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் கதை கேட்டுக்கொண்டே இருப்பார். இடையில் நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல், போனை எட்ட வைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் மற்றவர்களின் விமர்சனத்தைத் தேடிப் படிப்பதற்கு முன் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள். அதிகம் படம் பார்த்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற எல்லோரும் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே போதும்: எந்த இடத்தில் உடம்பு கூசியது? பிடித்த காட்சி எது என்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். கூசிய இடம் எது என்றால் உள்ளதைச் சொல்வார்கள். அந்தப் பதிலை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவின் முதுகெலும்பு அதுதான்.

இரண்டாம் முறை: நான்கு சண்டைகள்

முழுப் படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நான்கு மணி நேரம் போய்விடும். களைப்பில் கடைசிச் சண்டையைக் கோட்டைவிடுவீர்கள். நான்கை மட்டும் எடுங்கள். சாகாத வீரர்களான ஆண்டி, புக்கர், ஜோ, நிக்கி நால்வரும் தெற்கு சூடானில் பொறியில் விழுந்து சுடப்பட்டு எழும் தொடக்கம். சரக்கு விமானத்துக்குள் ஆண்டியும், புதிதாகச் சாகாநிலை பெற்ற நைலும் மோதுவது. பிரான்ஸில் பாழடைந்த தேவாலயத்தில் ஆண்டி ஒரு படைக்குழுவைத் தனியாகச் சந்திப்பது. லண்டன் மருந்துக் கம்பெனிக் கட்டடத்தில் நடக்கும் இறுதி.

நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: படத்தின் நேரம், யார் எந்த ஆயுதத்தோடு, எங்கே காயம், ஆற எத்தனை நொடி. நெட்ஃபிளிக்ஸில் வேகத்தை 0.5 வரை குறைக்கலாம். ஆனால் முதலில் சாதாரண வேகத்தில் பார்த்து எழுதிவிட்டு, புரியாத இடத்துக்கு மட்டும் குறையுங்கள். எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தால் விழும் அடிக்கும் அதை வாங்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்து, நல்ல சண்டையும் நடிப்பாகத் தோன்றிவிடும். சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். கண் கீழே இருந்தால் கை போன திசை தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் கறுப்புப் படம்தான் கிடைக்கும். நகல் எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு அது. அதற்குப் பதில் குச்சி மனிதர்களை வரைந்து, நகர்ந்த திசைக்கு அம்புக்குறி போடுங்கள். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு சண்டையில் எடிட்டிங் வெட்டுகள் எத்தனை என்று எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். போனில் 30 நொடி டைமர் வைத்து, காட்சிக் கோணம் மாறும்போதெல்லாம் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். 12 புள்ளி வந்தால் ஒரு ஷாட் சராசரியாக 2.5 நொடி, 30 வந்தால் ஒரு நொடி. ஷாட் நீளமாக இருந்தால் நடிகரே கற்றுக்கொண்டு செய்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். குட்டையாக இருந்தால் டூப்பையோ தடுமாற்றத்தையோ மறைக்க வெட்டியிருக்கலாம். பதற்றம் கூட்டவும் வெட்டியிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த 30 நொடியில் யார் எங்கே நிற்கிறார் என்பது உங்களுக்குப் புரிந்ததா? புரிந்தால் எடிட்டர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

ஆயுதத்தைப் பார்க்கச் சிலம்பம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பெரிய வசதி. புதுச்சேரியிலும் கடலூரிலும் தெருவுக்கு ஒருவராவது சின்ன வயதில் கம்பு சுற்றியிருப்பார். அவரிடம் கையைப் பார்க்கச் சொல்லாமல் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டியாக வரும் சார்லிஸ் தெரோன் வைத்திருப்பது இரண்டு பக்கமும் அலகு உள்ள கோடரி. கனம் முழுக்கத் தலையில் இருக்கும் ஆயுதத்தை வீசினால் உடம்பும் கூடவே இழுபடும். அந்த இழுவையை அடுத்த அடிக்குப் பயன்படுத்துகிறாரா, இல்லை நின்று மறுபடி தூக்குகிறாரா என்பதைக் காலடி காட்டிக்கொடுத்துவிடும். நைல் அமெரிக்க மரைன் வீராங்கனை. கிகி லேன் நடித்தது. விமானச் சண்டையில் நைல் வெல்வதற்காக அடிக்கிறாள். ஆண்டி புரிய வைப்பதற்காக அடிக்கிறாள். ஒருத்திக்கு அவசரம், இன்னொருத்திக்கு உலகத்தின் நேரமெல்லாம் இருக்கிறது. இருவரில் யார் முதலில் மூச்சு வாங்குகிறார் என்று குறித்துப் பாருங்கள்.

விதிகளை எழுதுங்கள்

சாகாதவர்கள் கதை ஒவ்வொன்றுக்கும் விதிகள் உண்டு. அவற்றைத் தனித் தாளில் எழுதி, படம் எங்கே காப்பாற்றுகிறது, எங்கே மீறுகிறது என்று பாருங்கள். 1986-இல் வந்த 'ஹைலேண்டர்' படத்தில் தலையை வெட்டினால் மட்டுமே சாவு. அதனால் எல்லோரும் வாளைத் தூக்குகிறார்கள், ஒவ்வொரு சண்டையும் கழுத்தை நோக்கியே போகிறது. 'தி ஓல்ட் கார்ட்' விதி வேறு: காயம் ஆறும், வலி குறையாது, ஒரு நாள் காரணம் தெரியாமல் ஆறுவது நின்றுவிடும். லைக்கன் என்ற பழைய தோழன் அப்படித்தான் போனான். அந்த நாள் யாருக்கு எப்போது என்பது தெரியாது என்பதால் ஒவ்வொரு சண்டையிலும் சாவு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது ருக்காவின் கெட்டிக்காரத்தனம். உங்கள் பதிவில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இந்த விதி தெரிந்த பிறகு தேவாலயச் சண்டைக்கு அப்புறம் வரும் மருந்துக்கடைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஆண்டியின் காயம் ஆறவில்லை. கடையில் வேலை செய்யும் பெண் எதுவும் கேட்காமல் கட்டுப் போட்டுவிடுகிறாள். அடிதடியே இல்லாத இந்தக் காட்சிதான் அடுத்து வரும் எல்லா அடிதடியின் பொருளையும் மாற்றுகிறது. பிறகு புக்கர் ஆண்டியைச் சுடும்போது, ஆறிவிடும் என்று நம்பித்தான் சுடுகிறான். பார்க்கிற நமக்கோ உண்மை தெரியும். கதையில் ஒரே ஒரு குண்டு உண்மையில் பயமுறுத்துகிறது என்றால் அது இந்தக் குண்டுதான். சண்டை ரசிகர்கள் பலர் இந்த இரண்டையும் வேகமாக ஓட்டிவிட்டு, படத்தில் ஆபத்தே இல்லை என்று எழுதுகிறார்கள்.

ஆண்டியின் பழைய தோழி க்வின் வரும் பகுதியையும் ஓட்டாதீர்கள். இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கடலில் எறியப்பட்டு, மூழ்கிச் செத்து, பிழைத்து, மறுபடி மூழ்கி, சுமார் ஐந்நூறு வருடம். சாகாவரம் தண்டனையாவதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

நம் வட்டாரத்து ரசிகருக்கு இதெல்லாம் அந்நியமில்லை. கடலூர், புதுச்சேரிச் சுற்று ஊர்களின் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் கிடப்பான். களத்தில் செத்தவர்களாகக் கிடப்பவர்களை எழுப்பும் சடங்கும் நடக்கும். கூவாகம், பிள்ளையார்குப்பம் கூத்தாண்டவர் விழாக்களின் பின்னே, அரவானின் தலை மட்டும் உயிரோடிருந்து 18 நாள் போரையும் பார்த்த கதை இருக்கிறது. ஆறாத காயத்தோடு அலையும் அசுவத்தாமன் சிரஞ்சீவிகளில் ஒருவன். ஆண்டியையும் க்வினையும் பற்றி எழுதும்போது இவர்களைக் கூப்பிடுவது இயல்பு. ஆனால் ஓர் ஒப்பீடு போதும், அதுவும் வேறுபாட்டோடு. அசுவத்தாமன் சாபத்தால் தனியாக அலைகிறான். இந்தப் படத்தில் தனிமையைத் தாங்க முடியாமல் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள். ஜோவும் நிக்கியும் சிலுவைப் போரில் எதிரெதிராக நின்று ஒருவரையொருவர் கொன்றவர்கள், பிறகு காதலர்கள். கைதியாகப் போகும் வண்டியில் ஜோ தன் காதலைச் சொல்லும் பேச்சை மார்வான் கென்சாரி ஒரே மூச்சில் கொண்டுபோகிறார். கூட்டமாகப் பார்க்கையில் இந்த இடத்தில் யாராவது சிரித்தால், அவரை விட்டுவிட்டு நீங்கள் கவனியுங்கள்.

எழுதுவது

400 சொல் போதும். முதல் வரியிலேயே கதை தெரிந்துவிடும் என்று எச்சரியுங்கள். அடுத்து, கூசிய இடம்: நேரத்தோடு, திரையில் என்ன நடந்தது என்பதோடு. பிறகு ஒரு சண்டையை மட்டும் எடுத்து முழுதாக விவரியுங்கள். நான்கையும் தொட்டால் பட்டியலாகிவிடும். அதற்குப் பிறகு விதி பற்றி ஒரு பத்தி. பிடிக்காததையும் எழுதுங்கள், காரணத்தோடு. சாகாதவர்களைப் பிடித்து ஆராயப் பார்க்கும் மருந்துக் கம்பெனி முதலாளி மெரிக் என்ற வில்லன் மெலிசாக இருக்கிறான் என்று பலருக்குத் தோன்றும். ஏன் என்று கேட்டால், அவனால் வீரர்களுக்குக் கொடுக்க முடிந்த மிகப் பெரிய பயம் சாவு இல்லை, முடிவில்லாத ஆய்வுக்கூடம். அந்தப் பயத்துக்குப் படம் கொடுத்த நேரம் குறைவு. இப்படிச் சொன்னால் மறுப்பவரும் உங்களோடு பேசலாம்.

'வேற லெவல்', 'தெறி' என்று கை தானாக எழுதும் இடத்தில் நிறுத்தி, நோட்டின் மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே குறித்த காயம் அந்தச் சொல்லைவிட நன்றாகப் பேசும். பெயர்களைத் தமிழில் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு பத்தியில் தெரோன், அடுத்ததில் தெரான் என்றால் படிப்பவர் குழம்புவார்.

இரண்டாம் பாகம் 2025 ஜூலையில் வந்தது. விக்டோரியா மஹோனி இயக்கியது, உமா தர்மன் சேர்ந்திருக்கிறார். அதைத் தனிப் பதிவாக எழுதுங்கள், முதல் பாகத்தின் விதித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் படம் காரணம் தெரியாது என்று விட்டதற்கு இரண்டாவது காரணம் சொல்கிறது: நைலால் காயம்பட்டவர் சாகாநிலையை இழப்பார், அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியும். மர்மம் ஏற்பாடாக மாறியதால் கதைக்கு வசதி கூடியதா, பயம் குறைந்ததா என்பதுதான் அந்தப் பதிவில் நீங்கள் எடுத்துப் பேச வேண்டியது. படம் பாதியில் நிற்பதுபோல முடிகிறது என்ற குறையை இரண்டு வரிக்கு மேல் நீட்டாதீர்கள். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.