முத்து வளர்ப்பு: காணொளிகள் காட்டாத தவறுகள்

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலிலும் பாலிக் புலாவிலும் மீன்குளம் வைத்திருக்கும் நம்மவர் சிலர், தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதே குளத்தில் சிப்பியை விட்டு முத்தெடுக்க முடியுமா என்று கேட்பதுண்டு. முடியாது என்பதற்கில்லை. ஆனால் காணொளிகள், சிப்பியைத் திறந்து உள்ளே மணியை வைக்கும் அறுவையை மட்டுமே காட்டுகின்றன. போட்ட பணம் கரைவதோ அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான்.

மணல் துகள் உள்ளே விழுந்தால் முத்தாகிவிடும் என்னும் பழைய நம்பிக்கையே முதல் தவறு. முத்தை உருவாக்குவது உள்ளே வைக்கும் மணியன்று; ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மேன்டில் என்னும் மெல்லிய திசுவின் வெளிப்புறச் செல்களே. அதனால்தான், வேறொரு சிப்பியிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவில் நறுக்கிய மேன்டில் துண்டை, அதன் வெளிப்புறம் மணியைத் தொடும்படி உடன் வைக்கிறார்கள். அச்செல்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பையாகி, அடுக்கடுக்காக முத்துப்பூச்சைச் சுரக்கின்றன. துண்டு காய்ந்துபோனால் வெறும் மணிதான் மிஞ்சும். சீனத்து நன்னீர் முத்துகளில் பல, மணியே இல்லாமல் இத்துண்டை மட்டும் வைத்து விளைந்தவை.

அடுத்தது நீர். சிப்பி நீரை வடிகட்டி நுண்பாசியை உண்பதால், கண்ணாடிபோல் தெளிந்த நீரில் பட்டினி கிடக்கும். குளோரின் கலந்த குழாய்நீரிலோ செத்துப்போகும். ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பதால் அமிலத்தன்மையுள்ள குளத்தில் அரிபடும். பாசியைக் கொல்லச் செம்புச் சல்பேட்டு இடும் பழக்கமுள்ளவர்கள் அதை அடியோடு நிறுத்த வேண்டும்; செம்பு சிப்பியினத்துக்கு நஞ்சு.

கடலிலேயே செய்யலாமே என்பாரும் உண்டு. பினாங்குக் கரையோரக் கலங்கல் நீர், சேற்றில் வாழும் கெராங் என்னும் சிப்பிவகைக்கு உகந்தது. கடல் முத்துச்சிப்பிக்குத் தெளிந்த நீர் வேண்டும். வெளிநாட்டுச் சிப்பியைக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் மீன்வளத் துறையிடம் கேட்பது நல்லது.

மற்றவை அவசரத்தால் வருபவை. அறுவைக்கு முன் இரண்டு மூன்று நாட்கள் சிப்பிகளை நெருக்கமாக வைத்து, ஓடுகளை மூடும் தசையைத் தளரவிட வேண்டும். வலிந்து திறந்தால் தசை கிழியும். பின்னர், பத்து நாட்களாவது தனித்தொட்டியில் வைத்து, இறந்தவற்றையும் மணியை உமிழ்ந்தவற்றையும் நாள்தோறும் அகற்ற வேண்டும். நேரே குளத்தில் தொங்கவிட்டால் ஒன்றின் அழுகல் மற்றவற்றையும் கெடுக்கும்.

நன்னீரில் பூச்சு தடிப்பதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகலாம். ஆறாம் மாதமே எல்லாவற்றையும் திறந்துவிட்ட ஒருவரின் முத்துகளைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியதும் உள்ளிருந்த வெண்மணி தெரிந்தது. ஓராண்டானதும் இரண்டு மூன்றை மட்டும் திறந்து பார்த்து, மீதியை நீரிலேயே விட்டிருக்கலாம்.