நினைவு அட்டையில் வசனம் போடும் முன்

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருடமாகத் தமிழ் எழுத்து அடிக்கிறேன். கலியாண அட்டை, முதல் நன்மை அட்டை, மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு அட்டை. கிறிஸ்தவ வீட்டு அட்டை என்றால் அநேகமாக ஒரு வேத வசனம் இருக்கும். அந்த ஒரு வரியை எப்படிப் பிழையில்லாமல் போடுவது என்று, நான் செய்த பிழையிலிருந்தே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். தகப்பனை இழந்த ஒரு மகன் வந்து, பைபிளில் சங்கீதம் என்ற பாடல்களில் 23ஆவதின் முதல் வசனம் போடச் சொன்னார். அவருக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்’ என்று அடித்தேன். 300 அட்டை. அவரும் புரூஃப் பார்த்தார், நானும் பார்த்தேன். கோயிலில் கொடுத்து முடித்த பிறகு அவருடைய அம்மா போன் எடுத்தார். கோபப்படவில்லை. “மகள், அவர் தாழ்ந்து போவார் என்றா போட்டிருக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வசனத்தில் இருப்பது ‘தாழ்ச்சியடையேன்’. அடைய மாட்டேன் என்று பொருள். ‘யே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வே’ வந்தால் வசனம் தலைகீழாகிவிடும். நம் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்த, போவர் ஐயர் என்ற மிஷனரியின் திருத்தத்தின் வழி வந்தது. அதன் எதிர்மறை வினைகள் இன்று நம் வாயில் இல்லை. அதனால் விரல் தானாகவே பழகின சொல்லுக்குப் போகிறது. அதே சங்கீதத்தின் நாலாம் வசனத்தில் ‘பொல்லாப்புக்குப் பயப்படேன்’. இதை ‘பயப்படுவேன்’ என்று அடித்த புரூஃப் என் மேசைக்கு வந்திருக்கிறது. 121ஆம் சங்கீதத்தில் ‘உன்னைக் காக்கிறவர் உறங்கார்’. அது ‘உறங்குவார்’ ஆகிவிட்டால் யாருக்கு என்ன ஆறுதல்?

இங்கிலாந்தில் 1631இல் அச்சான ஒரு பைபிளில், விபசாரம் செய்யாதே என்ற கட்டளையில் ‘நொட்’ (not) என்ற ஒரு சொல் விட்டுப்போனது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண் அபராதம். அவர்களுக்கு ஒரு சொல் விழ வேண்டியிருந்தது. தமிழில் ஒரு எழுத்து மாறினாலே போதும்.

ஆகவே முதல் வேலை இது. வசனத்தில் உள்ள ஒவ்வொரு எதிர்மறை வினைக்கும் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அதைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: அடைய மாட்டேன், பயப்பட மாட்டேன், உறங்க மாட்டார். ‘மாட்டேன்’ வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் அங்கே பிழை இருக்கிறது.

அடுத்தது, எங்கிருந்து எடுப்பது. அச்சுப் புத்தகத்தைத் திறந்து, அதைப் பார்த்து அடியுங்கள். வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிற வசனத்தைப் பார்த்து அடிக்க வேண்டாம்; அதில் சொல்லும் மாறியிருக்கும், அதிகார எண்ணும் மாறியிருக்கும். புத்தகத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது வசனமே இல்லாமலும் இருக்கலாம். ‘தனக்கு உதவுகிறவனுக்குக் கடவுளும் உதவுவார்’ என்பதைக் கீழே ‘பைபிள்’ என்று எழுதிப் போடச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அந்த வரி பைபிளில் எங்கும் இல்லை. நான் மெதுவாகச் சொல்லி வேறொன்று காட்டுவேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த அட்டையை யூனிகோடுக்கு மாற்றி எடுத்தால், முன்பு சரியாக இருந்ததுதானே என்று விடாமல் எழுத்தெழுத்தாகத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம், எந்த மொழிபெயர்ப்பு? கொழும்பில் இது பெரிய கேள்வி. ஒரே வீட்டில் அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் மகன் புரொட்டஸ்தாந்து சபைக்கும் போவார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கிற, 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று இருக்கிறது. இரண்டும் அழகு. ஆனால் இரண்டையும் பிசைந்து, ‘ஆண்டவர் என் மேய்ப்பர், எனக்குத் தாழ்ச்சியில்லை’ என்று போட்டால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வசனமும் நூலின் பெயரும் அதே புத்தகத்திலிருந்து வரட்டும். பழைய மொழிபெயர்ப்பின் சங்கீதம் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள், ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், ரோமர் அங்கே உரோமையர். லத்தீன் எண்ணிக்கையைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பிரதியில் இந்த ஆயர் சங்கீதத்தின் எண் 22. தாத்தாவின் புத்தகத்தைப் பார்த்து ‘22’ என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவரோடு நானே அரை மணித்தியாலம் வாதாடி, பிறகு அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று கண்டேன்.

இடம் போதாது என்று வசனத்தை வெட்டுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம். ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாத அட்டை அடிக்க ஒருவர் கொண்டு வந்தது: ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு – பிலிப்பியர் 4:13’. முழு வசனம்: ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு.’ வெட்டியது கிறிஸ்துவை. அதற்கு முந்திய வசனத்தில், இந்தக் கடிதத்தை எழுதிய பவுல், ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்’ என்கிறார். பரீட்சையில் கட்டாயம் வெல்வேன் என்பதைவிட, எது வந்தாலும் தாங்குவேன் என்பதுதான் அந்த இடத்தின் பொருள். பிள்ளைக்கு இரண்டாவதுதான் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன். பாலைவனத்தில் சாத்தான் இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தைச் சொன்னபோதும் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் விடுபட்டிருக்கின்றன. மத்தேயு 4:6ஐயும் சங்கீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். இடமில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது சின்ன வசனம் எடுங்கள். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்பதில் கடைசிப் பகுதியை விட்டால் மிஞ்சுவது முறைப்பாடு மட்டும்தான். இதைச் சொன்ன யோபு அதோடு நிறுத்தவில்லை.

யார் யாருக்குச் சொன்னது என்பதையும் ஒருமுறை பாருங்கள். ‘நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்’ கலியாண அட்டையில் அடிக்கடி வருகிறது. அதைச் சொன்னது ரூத், தன் மாமியாரிடம். அதனால் போடக்கூடாது என்று நான் சொல்வதில்லை. தெரிந்து போடுங்கள் என்றே சொல்வேன். ஒரு மணமகள் அதைக் கேட்டுவிட்டு, “அப்ப மாமிக்கும் ஒரு அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்றாள்.

புரூஃப் பார்க்க இருவர் வேண்டும். ஒருவர் அட்டையை உரக்க வாசிக்க, மற்றவர் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு போக வேண்டும். அட்டையை வாசிப்பவர் வசனம் மனப்பாடம் இல்லாதவராக இருந்தால் நல்லது. மனப்பாடம் உள்ளவர் எழுதியிருப்பதை வாசிக்க மாட்டார், நினைவில் இருப்பதை வாசிப்பார்.

கல்லறைக் கல்லுக்கு இன்னும் கவனம் வேண்டும். அட்டையைத் திரும்ப அடிக்கலாம். நாங்களும் அந்த 300ஐ எங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தோம். கல்லை அப்படிச் செய்ய முடியாது. இங்கே கல் வெட்டும் பாஸ்மாரில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுத்தைப் படம் போலப் பார்த்து வெட்டுவார்கள். கையால் எழுதிய துண்டைக் கொடுக்காதீர்கள். கல்லின் அளவிலேயே, எந்த வரி எங்கே முடிகிறது என்பது வரை தாளில் அச்சடித்துக் கொடுங்கள். புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள், ‘என்’ என்பது ‘என’ ஆகிவிடாமல். கல்லில் கோடு வரைந்து முடிந்ததும், உளி வைக்கும் முன் பொரளையோ மட்டக்குளியோ, கல் வெட்டுகிற இடத்துக்கு ஒரு நடை போய், வீட்டிலிருந்து கொண்டுபோன பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவை வாசியுங்கள்.